புகைபோக்கிக்கு அனுமதி

எங்கள் வார்பெனேயில் இளைஞர் மையம் இருக்கிறது. இளைஞர்கள்தான் இல்லை. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு பாதிப் பேர் அயர்லாந்தில் காளான் பறிக்கப் போனார்கள், மீதிப் பேர் நார்வேயில் மீன் வெட்டப் போனார்கள். எங்கேயும் போகத் துணியாத இரண்டு பேர் எங்கள் தலைநகர் ரீகாவுக்குப் போனார்கள். எல்லாரும் போய்ச் சேர்ந்த பிறகுதான் மையத்துக்கு வெளிநாட்டு நிதியில் புதுக் கட்டடம் வந்தது. கண்ணாடிக் கதவு, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத மூட்டை நாற்காலிகள், பிங்பாங் மேசை எல்லாம் வந்து இறங்கின. இயக்குநர் இங்ரீடா மேடம் ரிப்பன் வெட்டினார். கைதட்டியவர்களில் நான்தான் வயதில் சின்னவள். எனக்கு நாற்பத்தொன்று.

இளைஞர் இல்லாத இளைஞர் மையத்துக்கு நிதி வராது. அதனால் வெளிநாட்டிலிருந்து ஒரு தன்னார்வத் தொண்டரை வரவழைக்கத் தீர்மானித்தார்கள். அவர் வந்து எங்கள் இளைஞர்களோடு பண்பாட்டுப் பரிமாற்றம் செய்வார். எந்த இளைஞர்களோடு என்று கேட்க அந்தக் கூட்டத்தில் யாருக்கும் வாய் வரவில்லை.

"டைகா, நீங்கதான் அந்தப் பையனுக்கு வழிகாட்டி" என்றார் இங்ரீடா மேடம். நான் கலாச்சார மன்றத்தில் டிக்கெட் கிழிக்கிறவள். "சம்பளம் கிடையாது. ஆனா அனுபவம் கிடைக்கும்."

"இந்த வயசுல எனக்கு என்ன அனுபவம் மேடம் கிடைக்கப் போகுது?"

"அதைத்தான் கடைசில எல்லாரும் வட்டமா உக்காந்து கண்டுபிடிப்போம்."

செப்டம்பரில் ஓஸான் வந்தான். துருக்கிக்காரன். மெர்சின் என்கிற கடலோர ஊர். இருபத்திரண்டு வயது. காலில் கான்வாஸ் ஷூ. பஸ்ஸிலிருந்து இறங்கினதும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "அக்கா, இங்க கடல் எந்தப் பக்கம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். கடல் ரொம்ப தூரம், மூன்று பஸ் மாற வேண்டும் என்றேன். "பரவால்ல. குளிர்காலத்துல உங்க கடல் உறைஞ்சு போகும்னு சொன்னாங்க. நான் நம்பல. அதைப் பாக்கத்தான் வந்தேன். தாலின், வில்னியஸ்னு பக்கத்து நாட்டுத் தலைநகரெல்லாம் பாக்கணும். அப்படியே தொண்டும் செய்யணும்." அவ்வளவு வெள்ளையாகப் பேசுகிறவனைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

அவனுடைய தொண்டு இதுதான்: காலையில் மையத்தைத் திறந்து, மூட்டை நாற்காலியில் உட்கார்ந்து, இளைஞர்கள் வருகிறார்களா என்று பார்ப்பது. மாலையில் பூட்டுவது. வெள்ளிக்கிழமைதோறும் சிந்தனை வட்டம். வட்டத்தில் இங்ரீடா மேடம், கணக்காளர் அம்மாள், நான், அவன். 'இந்த வாரம் என்ன கற்றேன்' என்பதை வண்ணச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். முதல் வாரம் அவன், "பிங்பாங்கைத் தனியாக ஆட முடியாது" என்று எழுதினான்.

இங்ரீடா மேடம் சீட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கண் கலங்கிவிட்டது. "என்ன ஆழம்! ஒற்றுமைன்னா என்னன்னு ஒரே வரியில சொல்லிட்டான்."

"இல்ல மேடம், நெஜமாவே ஆட முடியல" என்றான் ஓஸான்.

அக்டோபரில் ஒரு நாள் சும்மா நடக்கப் போனவன் அவுஸ்மா வீட்டு வாசலில் நின்றுவிட்டான். லாரிக்காரன் ஒரு லோடு விறகை அவள் முற்றத்தில் மலையாகக் கொட்டிவிட்டுப் போயிருந்தான். அவுஸ்மா ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, லாரிக்காரனின் பரம்பரையையே திட்டியபடி ஒவ்வொரு கட்டையாகக் கொட்டகைக்குள் எறிந்துகொண்டிருந்தாள். அவளுக்கு வயது அறுபதைத் தொட்டிருக்கும். பால் தொழிற்சாலை மூடும்வரை அங்கே மேற்பார்வை பார்த்தவள். இடுப்பில் ஆபரேஷன். ஒரே மகள் டப்ளினில்.

"என்னடா பாக்கிற? சினிமாவா ஓடுது இங்க?"

அவனுக்கு மொழி புரியவில்லை. தொனி புரிந்தது. கோட்டைக் கழற்றிவிட்டு விறகை அடுக்க ஆரம்பித்தான். இருட்டும்வரை அடுக்கினான். மறுநாள் விடிவதற்குள் அத்தனையும் சரிந்து கிடந்தது. எங்கள் ஊரில் விறகைச் சரிய விடுகிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். அவுஸ்மா சிரித்த சிரிப்பு சாலைவரை கேட்டதாம். அவன் முகம் சிவக்க நின்று, திரும்ப முதலிலிருந்து அடுக்கினான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் போய் விறகு கொண்டுவந்து போடுவான், அடுப்பு மூட்டுவான், கடையிலிருந்து கறுப்பு ரொட்டியும் கெஃபீர் என்கிற புளித்த பாலும் வாங்கிக் கொடுப்பான். அவள் திட்டத் திட்ட எங்கள் மொழியும் அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவளைச் 'சித்தி' என்று கூப்பிட்டான். அவர்கள் ஊரில் அதுதான் மரியாதையாம். இங்கே நாங்கள் சொந்தச் சித்தியையே அப்படிக் கூப்பிட யோசிக்கிற ஜனம்.

"நான் எப்படிடா உனக்குச் சித்தியானேன்? உங்கப்பனுக்கு இந்தப் பக்கம் என்ன வேலை இருந்துச்சு?" என்று கேட்டாள் அவுஸ்மா. ஆனால் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடு என்று சொல்லவில்லை.

அவளுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. நகராட்சி சமூக நலத்துறை அம்மாள் வந்து தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: இந்தக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள முடியாவிட்டால் மாவட்டத் தலைநகரில் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போயாக வேண்டும். "அங்க போனவங்க ஒருத்தர்கூட தன் கால்ல நடந்து வெளிய வந்ததில்ல. என் அடுப்பு எரியற வரைக்கும் நான் என் வீட்டுலதான்" என்றாள் என்னிடம்.

எங்கள் ஊரில் நாங்கள் அக்கம்பக்கத்தில் வணக்கம் சொல்லிக்கொள்வதில்லை. காலையில் எழுந்ததும் அடுத்த வீட்டுப் புகைபோக்கியைப் பார்ப்போம். புகை வந்தால் சரி, ஆள் இருக்கிறது. அதுதான் எங்கள் குசல விசாரிப்பு. அந்த இலையுதிர்காலம் முழுக்க அவுஸ்மா வீட்டுப் புகை தவறாமல் எழுந்தது.

சனியன் பிடித்த வண்ணச் சீட்டுதான் காரியத்தைக் கெடுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவன் மனம் நிறைந்துபோய், "அவுஸ்மா சித்தி வீட்டில் அடுப்பு மூட்டக் கற்றேன்" என்று எழுதி ஒட்டினான். இங்ரீடா மேடம் படித்தார். எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஓஸான், இது பெரிய விதிமீறல். சம்பளத்துக்கு ஒருத்தர் செய்ய வேண்டிய வேலையைத் தொண்டர் செய்யவே கூடாது. உள்ளூர்க்காரங்க பிழைப்பு போயிடும்."

"யாரோட பிழைப்பு மேடம்?"

"நகராட்சில வீட்டுப் பராமரிப்பாளர்னு ஒரு பதவி இருக்கு."

"அவங்க வர்றதே இல்லையே."

"எப்படி வருவாங்க? அந்தப் பதவி ரொம்ப வருஷமா காலியா இருக்கு. யாரும் விண்ணப்பிக்கல."

"அப்போ..."

"பதவி இருக்கு. அதான் முக்கியம். ஆள் இல்லாதது வேற, பதவி இல்லாதது வேற. நாளைக்கே ஒருத்தர் வந்து நின்னார்னா, அவர் அடுப்பை நீ மூட்டிட்டேன்னு நான் எந்த முகத்தோட சொல்வேன்? தொண்டர் பயனுள்ளவரா இருக்கலாம் ஓஸான். ஆனா யாருக்கும் தேவைப்படற அளவுக்கு இருக்கக் கூடாது."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் துளிச் சிரிப்பில்லை. கணக்காளர் அம்மாள் குறிப்பெடுத்துக்கொண்டார். திரும்பி நடந்து வரும்போது ஓஸான், "அக்கா, நான் யார் வேலையைப் பறிச்சேன்?" என்று கேட்டான். "இன்னும் பொறக்காத ஒருத்தனோடத" என்றேன்.

ஆனால் இங்ரீடா மேடம் கல்நெஞ்சக்காரர் இல்லை. இரண்டு வாரம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அடுப்பு மூட்டுவது வேலையாக இருந்தால்தானே குற்றம்? கற்றலாக இருந்தால்? 'தலைமுறைகளை இணைக்கும் அடுப்புப் பட்டறை' என்று பெயர் வைத்தார். குறைந்தது ஐந்து பங்கேற்பாளர்கள் வேண்டும். எல்லாரும் முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். மனதளவில் முப்பதுக்குள் என்று ஒரு விளக்கம் சேர்த்துக்கொண்டார். பஸ் ஓட்டும் உல்டிஸையும் பிடித்து இழுத்து வந்தார்கள். உல்டிஸ் மனதளவில் பிறந்ததிலிருந்தே ஐம்பது.

நவம்பர் கடைசி. வெளியே பனி. அவுஸ்மா சமையலறையில் கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பு சில்லென்று கிடந்தது, ஏனென்றால் முதலில் அறிமுகம். வட்டமாக நின்று பெயரைச் சொல்லி, அன்றைய மனநிலையை ஒரு விலங்காக நடித்துக்காட்டி, நூல் உருண்டையை அடுத்தவருக்கு எறிய வேண்டும். நாங்கள் கல்யாண வீட்டிலேயே சுவரோரமாக நிற்கிறவர்கள். உல்டிஸ் தன் தொப்பிக்குள்ளேயே புகுந்துவிடப் பார்த்தான்.

"என் பேர் அவுஸ்மா. எனக்குக் குளிருது."

"அருமை! அந்தக் குளிரை இப்போ ஒரு விலங்கா காட்டுங்க" என்றார் இங்ரீடா மேடம்.

அவுஸ்மா கையால் ஒன்று காட்டினாள். அது எந்த விலங்கும் இல்லை. உல்டிஸ் இருமுகிற மாதிரி சிரித்தான். நூல் உருண்டை அவளிடம் வந்ததும் அதை அமுக்கிப் பார்த்து, "நல்ல கம்பளி. ஒரு ஜோடி சாக்ஸுக்கு வரும்" என்று கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மேடம் கேட்டும் கொடுக்கவில்லை.

பிறகு அடுப்பு பற்றி நமக்கு என்னென்ன தெரியும் என்று பெரிய தாளில் எழுதினோம். பிறகு பதாகையோடு போட்டோ. ஓஸான் ஒரு தீக்குச்சியைக் கிழிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அது எரியத் தொடங்குவதற்குள் மதிப்பீடு. மனம் வெயிலா, மேகமா, மழையா? "வெயில்னு எழுதிக்கங்க. சீக்கிரம் கெளம்புங்க" என்றாள் அவுஸ்மா. பட்டறை மாதம் ஒருமுறைதான் நடத்தலாம். அடுப்பு தினமும் எரிய வேண்டும் என்கிற விவரம் திட்டத்தில் இல்லை.

ஓஸான் மேடம் சொன்னதைக் கேட்கவில்லை. விடியற்காலையில் ஆற்றோரத்துச் சந்து வழியாகப் போய், மூட்டிவிட்டு, மையம் திறக்கும் நேரத்துக்கு நல்ல பிள்ளையாக வந்து உட்காருவான். வெள்ளிக்கிழமைச் சீட்டில், "பொறுமை கற்றேன்" என்று எழுதுவான். மேடத்துக்கு அது ரொம்பப் பிடித்தது.

இதற்கு நடுவில் இன்னொரு தொந்தரவு. தொண்டர் பால்டிக் நாடுகளைச் சுற்றிப் பார்த்தே தீர வேண்டும். மாதம் ஒரு பயணம், அத்தாட்சிக்குப் படம். "நீ இங்கயே இருந்தா நாங்க உன்னை அடைச்சு வெச்சிருக்கோம்னு நெனப்பாங்க. போ, சந்தோஷமா இரு. அது கட்டாயம்" என்றார் மேடம். போனால் அடுப்பு அணையும். எந்த ஊர்களைப் பார்க்க இத்தனை தூரம் வந்தானோ, அந்த ஊர்களுக்குப் போகச் சொல்லும்போது அவனால் போக முடியவில்லை.

வழி சொன்னது அவுஸ்மாதான். அவள் சமையலறைச் சுவரில் மருந்துக்கடை கொடுத்த காலண்டர் தொங்கியது. "ஜனவரிக்குத் தாலின் இருக்கு பாரு. முன்னால நில்லு. டைகா, ஆணி தெரியாம படம் எடு." எடுத்தேன். மேடம் அதை மையத்தின் இணையப் பக்கத்தில் போட்டார்: 'தாலினில் நம் தொண்டர்!' ஜனவரியில் மரமெல்லாம் பச்சைப்பசேல் என்று இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். "அங்கே இந்த வருடம் குளிர் குறைவு" என்று மேடமே பதில் எழுதினார்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது எங்களுக்கு. சிரித்து முடித்ததும் ஓஸான் காலண்டரை இன்னொரு தரம் பார்த்தான். "அழகா இருக்கு, இல்ல அக்கா?" என்றான். நான் பேச்சை மாற்றினேன்.

பிப்ரவரியில் இடைக்காலப் பயிற்சி வந்தது. கடலோர ஓட்டலில் ஒரு வாரம். போகாவிட்டால் திட்டம் ரத்து, குடியிருப்பு அனுமதி ரத்து, அடுத்த விமானத்தில் மெர்சின். "நீ போடா. அடுப்பை நான் பாத்துக்கறேன்" என்றேன். பார்த்துக்கொண்டேன். அவன் போய் நாலாவது நாள் எனக்கு அழைப்பு வந்தது: கடைசி இரண்டு நாள் வழிகாட்டிகளும் வர வேண்டும். வழிகாட்டி வராத தொண்டர் பயிற்சி முடித்தவராகக் கருதப்பட மாட்டார்.

நான் அடுப்படியில் இரண்டு நாளைக்கு வேண்டிய விறகை அடுக்கினேன். உல்டிஸ் கடைசி டிரிப் முடித்துவிட்டுச் சாயங்காலம் வந்து பார்ப்பதாகச் சொன்னான். "ரெண்டு நாள்தானே. நான் என்ன சர்க்கரை பொம்மையா, கரைஞ்சு போக? போய்ட்டு வா" என்றாள் அவுஸ்மா. அன்று குளிர் மைனஸ் இருபதைத் தாண்டியது. இரண்டு நாள் விறகும் ஒரே நாளில் எரிந்துபோனது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஓட்டலில் நுழைந்ததும் எல்லாருடைய போனையும் ஒரு பிரம்புக் கூடையில் வாங்கிவைத்துக்கொண்டார்கள். முழு மனதோடு இங்கே இருக்க வேண்டுமாம். மறுநாள் தலைப்பு: 'சமூகத்தின் தேவையைக் கண்டறிதல்'. உங்கள் ஊரின் தேவையை வரையுங்கள் என்றாள் பயிற்சியாளர் பெண். ஓஸான் ஒரு புகைபோக்கி வரைந்தான்.

"ஓ! இது உங்க கனவுகள் மேல எழும்பறதைக் காட்டுது, இல்லையா?"

"இல்லங்க. இது புகைபோக்கி. வீட்டுக்கு மேல இருக்கும். கீழ அடுப்பு எரியணும்."

"பாத்தீங்களா எல்லாரும்? கீழ நெருப்பு, மேல கனவு!"

கைதட்டினார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் கூடையைப் பார்த்தேன். உள்ளே ஏதோ ஒரு போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அதற்கப்புறம் ஒருவர் முதுகில் ஒருவர் தாளை ஒட்டி, நல்ல வார்த்தை எழுதினோம். என் முதுகில் யாரோ 'அமைதி' என்று எழுதியிருந்தார்கள். சாயங்காலம்தான் போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதிர்ந்தது என் போன்தான். உல்டிஸ்.

"நேத்து சாயங்காலம் போய்ப் பாத்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு. காலைல பஸ்ல போறப்போ பாத்தேன், அவுஸ்மா வீட்டுல புகை இல்ல. தூங்குது போலன்னு விட்டுட்டேன். திரும்பி வர்றப்பவும் இல்ல. வண்டிய அப்படியே நடுரோட்டுல நிறுத்திட்டு ஓடினேன் டைகா. கொட்டகைக்குப் போற வழியில கெடக்குது. பனியில வழுக்கியிருக்கு. பக்கத்துல வெறகுச் சறுக்குவண்டி. மூச்சு இருந்துச்சு."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் இறங்கினார்களாம். கோட்டுகளைக் கழற்றிப் போர்த்தி, சறுக்குவண்டியில் வைத்து இழுத்து வந்து, பஸ்ஸுக்குள் படுக்கவைத்தார்கள். உல்டிஸ் தடத்தை விட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். என் ஸ்டாப்பில் நிறுத்து என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. யாரும் பெயர்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. தடம் மாறி ஓட்டியதற்காக உல்டிஸுக்கு அடுத்த வாரம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது.

ஓஸானிடம் சொன்னேன். கோட்டுகூடப் போடாமல் வெளியே போனான். தேடிக்கொண்டு போனபோது மணலைத் தாண்டி, கடலுக்குள் வெகுதூரம் தள்ளி, பனிக்கட்டியின் மேல் நின்றுகொண்டிருந்தான்.

"உறைஞ்சிருக்கு அக்கா. நெஜமாவே உறைஞ்சிருக்கு" என்றான். அப்புறம் குழந்தை மாதிரி அழுதான். எனக்கும் அழுகை வந்தது. உள்ளேயிருந்து எங்களை வட்டத்துக்குக் கூப்பிட்டார்கள்.

அவுஸ்மாவுக்கு இன்னொரு பக்கத்து இடுப்பும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். வீடு சூடாக இல்லை, திரும்ப அனுப்ப முடியாது என்றது நலத்துறை. ஓஸானுக்குச் சான்றிதழ் வந்தது: 'சமூகத்தின் தேவையைக் கண்டறியும் திறன் பெற்றவர்.' அவன் அதைப் பிங்பாங் மேசைமேல் வைத்தான். அங்கேயே கிடந்தது.

மார்ச் முதல் வாரம் இங்ரீடா மேடம் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"நல்ல செய்தி ஓஸான்! வார்பெனேல பராமரிப்பு தேவைப்படற ஆள் இப்போ யாரும் இல்ல. அதனால அந்தப் பதவியையே நகராட்சி எடுத்திடுச்சு. புரியுதா? இனிமே சம்பளத்துக்கு அதைச் செய்ய ஆளே கிடையாது. நீ தாராளமா செய்யலாம். முழு அனுமதி வாங்கிட்டேன். தினமும்! பட்டறைகூட வேண்டாம்."

"மேடம், அங்கதான் இப்போ யாரும் இல்லையே" என்றேன்.

"அது நம்ம கைல இல்ல டைகா. நம்ம கைல இருக்கறதை நாம செஞ்சிட்டோம்."

நான் வாய்க்கு வந்தபடி திட்டப் போனேன். ஓஸான் என் கையைப் பிடித்து நிறுத்தினான். "சித்தி வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாளிலிருந்து தினமும் போகிறான். ஆற்றோரச் சந்து வழியாக இல்லை, ஊர் பார்க்க, பெரிய சாலை வழியாக. காலி வீட்டில் விறகு போட்டு அடுப்பு மூட்டுகிறான். மேடம் ஒரு தரம் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். உல்டிஸ் காலை டிரிப்பில் புகையைப் பார்த்து ஹாரன் அடிக்கிறான். விஷயம் தெரியாத யாரோ ஒரு நாள் பன்றிக்கொழுப்பு வைத்த பன் நாலைந்தைத் துணியில் சுற்றி அவுஸ்மா வீட்டு வாசல்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

தினமும் காலையில் அவுஸ்மா முதியோர் இல்லத்திலிருந்து அவனுக்குப் போன் செய்வாள். ஒரு நாள் நானும் அங்கே இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டான்.

"புகை வருதாடா?"

"வருது சித்தி."

"எந்தப் பக்கம் சாயுது?"

அவன் வெளியே எட்டிப் பார்த்தான். "ஆத்துப் பக்கம்."

"அப்போ நாளைக்கும் குளிரும்." யாரோ அந்தப் பக்கம் தட்டு அடுக்குகிற சத்தம் கேட்டது. "டேய், ரோட்டுல போறவங்க பாத்தா நான் வீட்டுலதான் இருக்கேன்னு நெனப்பாங்க, இல்ல?"

"ஆமா சித்தி. நெனப்பாங்க."

"நெனச்சுக்கட்டும்" என்றாள் அவுஸ்மா. "இன்னும் ஒரு கட்டை போடு."

அவன் போட்டான்.